மங்குஸ்தானும் மாத்திரையும்

மனிதன் உறங்கும்போதும் உறங்காமல் உழைக்கும் உறுப்பு இதயம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை அது சுருங்கி விரிகிறது. கைப்பிடி அளவே உள்ள இந்தத் தசைக்கு வாழ்நாள் முடியும் வரை விடுமுறை கிடையாது. ஒரு காலத்தில் மாரடைப்பு என்பது பட்டணத்துப் பணக்காரர் நோய் என்று எண்ணியிருந்தோம். இன்று அது தறி நெய்பவர் வீட்டுக்கும் வயலில் உழைப்பவர் வீட்டுக்கும் வழி தெரிந்துகொண்டுவிட்டது. நோய் வந்த வீட்டில் அச்சம் வருகிறது. அச்சம் வந்த வீட்டுக்கு விற்பனையாளரும் வந்துவிடுகிறார்.

வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இத்தகைய விற்பனைப் பொருள் ஒன்றைப் பற்றிச் சிந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அச்சிந்தனையின் பயனை நம் கல்லூரி நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாரல் காலக் கடைவீதி

ஆனி பிறந்துவிட்டால் நம் வட்டாரத்தின் முகமே மாறிவிடும். கடையநல்லூரிலிருந்து மேற்கே பார்த்தால் மலை முழுவதும் மேகம். தென்காசியைத் தாண்டிவிட்டால் காற்றிலேயே ஈரம். குற்றாலத்தில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் போகிற வழியெங்கும் பழக்கடைகள். ரம்புத்தான் சிவந்து கிடக்கும். துரியன் மணம் தூரத்திலேயே தெரியும். அவற்றின் நடுவே கருஞ்சிவப்பு நிறத்தில், தலையில் பச்சை இதழ்களைச் சூடிக்கொண்டு அமர்ந்திருக்கும் மங்குஸ்தான்.

மங்குஸ்தான் நம் மண்ணின் பழமன்று. மலாய் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. ஈரமும் நிழலும் வேண்டும் மரமாதலின் குற்றாலத்துச் சாரல் அதற்குப் பிடித்துப்போயிற்று. பழத்தின் அடியில் ஒரு சிறு பூப்போன்ற குறி இருக்கும். அதில் எத்தனை இதழ்களோ, உள்ளே அத்தனை சுளைகள். சிறுவயதில் எண்ணிப் பார்த்து, பிறகு உடைத்துச் சரிபார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. தோலைப் பிதுக்கும்போது கறை சட்டையில் பட்டால் போகாது. அதற்காக அம்மாவிடம் வசவு வாங்காத பிள்ளை நம் பக்கத்தில் இருக்க முடியாது!

கறை படுத்தும் அந்தத் தோலில்தான் இன்றைய வணிகம் கண் வைத்திருக்கிறது. அத்தோலிலிருந்து மங்குஸ்டின் என்னும் மஞ்சள் நிறப் பொருளை 1855ஆம் ஆண்டிலேயே ஷ்மிட் என்ற வேதியியலார் பிரித்தெடுத்தார். சாந்தோன்கள் என்ற வகையைச் சேர்ந்த இப்பொருள் சோதனைக் குழாயில் ஓர் ஆற்றல் மிக்க ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள். ஆங்கிலத்தில் ஆண்டி ஆக்சிடன்ட் என்பர். வெண்மையான சுளையில் இது சிறிதளவே உண்டு. பெரும்பகுதி தோலிலேயே இருக்கிறது. ஆகவே தோலை உலர்த்தி, பொடித்து, பொட்டலம் கட்டி, ‘இதயத்துக்கு நல்லது’ என்று எழுதி விற்கிறார்கள்.

தாத்தாவின் கேள்வி

என் தாத்தாவுக்கு 2022 மார்கழியில் மாரடைப்பு வந்தது. நாற்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்தவர். இரத்தக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஐந்து மாத்திரைகள் நாள் தவறாமல் சாப்பிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். ஆறு மாதம் ஒழுங்காகவே சாப்பிட்டார்.

மறு ஆண்டு சாரலின்போது உறவினர் ஒருவர் குற்றாலம் போய்விட்டு வந்தார். தாத்தாவின் மேல் உள்ள பாசத்தால் மங்குஸ்தான் தோல் பொடி இரண்டு பொட்டலம் வாங்கி வந்தார். காலையில் வெந்நீரில் ஒரு கரண்டி. தாத்தாவுக்கு அது பிடித்துவிட்டது. உடம்பு இலேசாக இருப்பதாக எல்லாரிடமும் சொன்னார்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் ஆச்சி வெற்றிலைச் செல்லத்தைத் துடைக்க எடுத்தார். அடித்தட்டில் பாக்குக்குப் பதிலாக மாத்திரைகள் கிடந்தன! வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கணக்கு. ஆச்சி மனம் நோகக்கூடாதென்று, அவர் எதிரில் வாயில் போடுவதுபோல் காட்டிவிட்டுச் செல்லத்தில் சேர்த்துவைத்திருக்கிறார். அந்த வாரம் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் அம்மையார் கருவியைச் சுற்றிப் பார்த்தார். 180க்கு 100. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. “பழம் தாராளமாச் சாப்பிடுங்க ஐயா. ஆனா மாத்திரையை நிறுத்துனா, வச்ச ஸ்டென்ட்டே அடைச்சுக்கும்” என்று மட்டும் சொன்னார். தாத்தா அரை மனத்தோடு தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே, நீதான் கெமிஸ்ட்ரி படிக்கியே. பொடியில இருக்கிற சத்து நெசமா பொய்யா? நெசம்னா அது எனக்கு ஏன் போதாது? மரத்துல காய்ச்சது மனுசனை என்ன செஞ்சிரும்? இந்த மாத்திரை எல்லாம் ஆலையில செய்ததுதானே?”

நான்கு கேள்விகள். எதையும் சிரித்துத் தள்ளிவிட முடியாது. கல்லூரி நூலகத்திலும், ஆய்விதழ்களைப் படித்துப் பொருள் சொல்லி உதவிய நம் துறை ஆசிரியர் அருகிலுமாக ஒரு மாதம் செலவிட்ட பிறகே என்னால் அவருக்கு விடை கூற முடிந்தது.

காறல் சொல்லும் பாடம்

சத்து நெசமா என்பது முதற்கேள்வி. நெசம்தான். அடுப்பங்கரையிலேயே அதற்குச் சான்று உண்டு.

தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு பல நாள் கழித்துக் காறல் வாடை அடிக்கிறதே, அது ஏன்? எண்ணெயிலுள்ள கொழுப்பைக் காற்றின் ஆக்சிஜன் தாக்குகிறது. ஒரு மூலக்கூறு சிதைந்து தனி உறுப்பாகிறது. அது அடுத்த மூலக்கூறைத் தாக்குகிறது. இப்படிச் சங்கிலித் தொடராகக் கேடு பரவுகிறது. நல்லெண்ணெய் மட்டும் எளிதில் காறிப்போவதில்லை. எள்ளில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் தம்மைத் தாக்கக் கொடுத்து அச்சங்கிலியை அறுத்துவிடுகின்றன. இவையே ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள்.

இதே நிகழ்ச்சி நம் இரத்தக் குழாய்ச் சுவரிலும் நடக்கிறது. இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள் சுவருக்குள் சிக்கி ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதை விழுங்கவரும் வெள்ளணுக்கள் கொழுப்பு நிறைந்து வீங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. அடைப்புக்கு அதுதான் அடித்தளம். அமெரிக்க அறிஞர் டேனியல் ஸ்டீன்பர்க்கும் அவர்தம் குழுவினரும் 1989இல் இக்கருத்தை விளக்கி எழுதியபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எண்ணெய் காறாமல் காக்கும் பொருளை உண்டால் இரத்தக் குழாயும் காக்கப்படும் அல்லவா? கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

கைக்கு எட்டிய முதற்பொருள் வைட்டமின் ஈ. 1922இல் கலிபோர்னியாவில் ஈவான்ஸ், பிஷப் என்ற இருவர் கண்டறிந்தது. எண்ணெய் வித்துகளில் நிறைய உண்டு. 1993இல் வெளியான ஓர் ஆய்வு 87,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியரை எட்டாண்டுகள் கவனித்திருந்தது. வைட்டமின் ஈ குளிகை உண்டவர்களிடம் இதய நோய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதே ஆண்டு ஹாலந்து நாட்டில் 805 முதியவர்களைக் கவனித்த ஆய்வு, தேநீர், வெங்காயம், ஆப்பிள் ஆகியவற்றிலுள்ள பிளேவனாய்டு என்னும் எதிர்ப்பொருளை மிகுதியாக உண்டவர்கள் இதய நோயால் இறப்பது குறைவு என்றது. குளிகை விற்பனை கொடிகட்டிப் பறந்தது என்று கூறவும் வேண்டுமோ?

மலைக்கு அப்பால் பிறந்தவர்

இந்த இடத்தில் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார். கடையநல்லூர் வழியே செல்லும் கொல்லம் இரயிலில் ஏறினால், செங்கோட்டை கடந்து, குகைப் பாதைகளுக்குள் புகுந்து மலையின் மறுபக்கம் இறங்கி, புனலூர் தாண்டியதும் கொட்டாரக்கரை வரும். அங்கே பிறந்தவர் டாக்டர் சலீம் யூசுப். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்று, ஆக்ஸ்போர்டு சென்று, பின்னர் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இதய நோய் ஆய்வாளர்.

இவர் தலைமையில் நடந்த ‘ஹோப்’ என்ற ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. 55 வயது கடந்த, இதய நோய்க்கு இலக்காகக்கூடிய 9,541 பேர். சீட்டுக் குலுக்குவது போல் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இயற்கைப் பொருளிலிருந்து எடுத்த வைட்டமின் ஈ நாள்தோறும் 400 அலகு. மறு பிரிவுக்கு அதே தோற்றத்தில் வெற்றுக் குளிகை. யாருக்கு எது என்பது உண்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. நான்கரை ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

வைட்டமின் ஈ உண்ட 4,761 பேரில் 772 பேருக்கு மாரடைப்போ, பக்கவாதமோ, இதய நோயால் இறப்போ நேர்ந்தது. நூற்றுக்கு 16.2. வெற்றுக் குளிகை உண்ட 4,780 பேரில் 739 பேர். நூற்றுக்கு 15.5. பயன் ஏதுமில்லை! இதே கூட்டத்தாரைத் தொடர்ந்து ஏழாண்டு வரை கவனித்து 2005இல் எழுதினார்கள். வைட்டமின் ஈ உண்டவர்களிடம் இதயம் தளர்ந்து செயலிழக்கும் நோய் நூற்றுக்கு 13 பங்கு மிகுதியாகவே இருந்தது.

என்னை வியப்பில் ஆழ்த்தியது இன்னொரு செய்தி. அதே ஆய்வில், அதே மக்களிடம், ராமிப்ரில் என்ற இரத்த அழுத்த மாத்திரையையும் சோதித்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 17.8 பேருக்கு நேர்ந்த கேடு, ராமிப்ரில் உண்டவர்களில் 14 பேருக்கே நேர்ந்தது. ஒரே தேர்வுக் கூடம், ஒரே வினாத்தாள். ஒருவர் தேறினார், மற்றவர் தேறவில்லை. தாத்தாவின் வெற்றிலைச் செல்லத்தில் ஒதுங்கிக் கிடந்த ஐந்தில் ஒன்று அந்த ராமிப்ரில்தான்.

கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினின் கதை இதைவிட வருந்தத்தக்கது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த சோதனை 1994இல் வெளியாயிற்று. அதைக் குளிகையாக உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்கு 18 பங்கு கூடியிருந்தது. கேரட்டை உண்டு எவருக்கும் இக்கேடு வந்ததில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஏன் இப்படி?

நெசமான சத்து ஏன் போதவில்லை என்பது தாத்தாவின் இரண்டாம் கேள்வி.

முதற்காரணம், கவனிப்பது வேறு, சோதிப்பது வேறு. தம் விருப்பத்தால் வைட்டமின் குளிகை வாங்கி உண்பவர் யார்? பெரும்பாலும் வசதியும் கல்வியும் உடையவர், நடைப்பயிற்சி செய்பவர், புகையைத் தொடாதவர். அவர் இதயத்தைக் காத்தது அந்த வாழ்க்கை. பெயர் மட்டும் குளிகைக்குப் போயிற்று.

இரண்டாவது, உடம்பு முறுக்கு டின் அன்று. உணவிலிருந்து நமக்கு நாளொன்றுக்குத் தேவையான வைட்டமின் ஈ 15 மில்லிகிராம். ஹோப் ஆய்வின் குளிகையில் 268 மில்லிகிராம். உடம்புக்குள் தனி உறுப்புகளை அடக்கிவைக்க நொதிகளின் படையே இருக்கிறது. அந்தத் தனி உறுப்புகளில் சிலவற்றைக் கிருமிகளைக் கொல்லவும், செய்தி அனுப்பவும் உடம்பு தானே பயன்படுத்திக்கொள்கிறது. ஒரு பொருளை மட்டும் மூட்டையாகக் கொட்டுவதால் ஒழுங்கு நிலைத்துவிடாது.

மூன்றாவது, அடைப்பு வந்துவிட்ட இதயத்துக்கு ஆக்சிஜனேற்றம் ஒன்று மட்டுமா பகை? இரத்த அழுத்தம் சுவரை மோதுகிறது. ஸ்டென்ட்டின் மேல் இரத்தம் உறையப் பார்க்கிறது. இவற்றைத் தடுக்கும் வேலையை மங்குஸ்தான் பொடி செய்யும் என்று மெய்ப்பித்தவர் எவருமில்லை.

வைட்டமின் ஈ தோற்றதால் மங்குஸ்தான் சாந்தோனும் தோற்கும் என்று நான் கூறவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தேர்வு வேண்டும். ஹோப் போன்ற பெரிய தேர்வு எதையும் அப்பொடி இதுவரை எழுதவில்லை. தேர்வே எழுதாதவருக்குப் பட்டம் எப்படித் தருவது? பொட்டலத்தின் மேல் ‘ஆண்டி ஆக்சிடன்ட்’ என்று எழுதியிருப்பது பட்டமாகாது. அது தேர்வுக்கு விண்ணப்பம் மட்டுமே.

மரமா, ஆலையா?

மரத்தில் காய்த்தது கெடுதல் செய்யாது, ஆலையில் செய்தது நல்லதன்று என்ற எண்ணம் தாத்தாவுக்கு மட்டும் உரியதன்று. படித்தவர்களிடமும் இது இருக்கிறது. அரளியும் மரத்தில்தான் காய்க்கிறது! அதன் நச்சு தாக்குவது நேரே இதயத்தைத்தான்.

மறுபுறம், ஆலை மாத்திரைகள் பலவற்றின் பிறப்பிடம் செடிகளே. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் டிஜிட்டாலிஸ் என்னும் செடியின் இலையை நோயாளிகளுக்கு அளந்து கொடுத்து, பலித்ததையும் பலிக்காததையும் ஒளிக்காமல் 1785இல் நூலாக எழுதினார். டிகாக்சின் என்ற இதய மருந்து அந்தச் செடிக் குடும்பத்தின் கொடை. நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை இரத்த அழுத்த நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து 1949இல் பிரிட்டிஷ் இதய ஆய்விதழில் எழுதினார். உலகமே அவ்வேரைத் தேடி வந்தது. 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அதைவிட நல்ல மருந்துகள் வந்த பின்னர் அது பின்னுக்குப் போயிற்று. சோதனையால் வந்தது, சோதனையால் விலகியது. அறிவியலின் அறம் இதுதான்.

ஆகவே கோடு கிழிக்க வேண்டிய இடம் மரத்துக்கும் ஆலைக்கும் நடுவில் அன்று. சோதிக்கப்பட்டதற்கும் சோதிக்கப்படாததற்கும் நடுவில்தான். எங்கள் வீட்டில் இந்தக் கோடு புலப்பட்ட அன்றுதான் தாத்தாவின் முகம் தெளிந்தது.

பழத்தைத் தள்ளிவிடலாமா?

கூடவே கூடாது. டாக்டர் யூசுப்பும் உடன் ஆய்வாளர்களும் 52 நாடுகளில் நடத்தி 2004இல் வெளியிட்ட ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, மாரடைப்புக்கான காரணங்களுள் ஒன்பதே பெரும்பங்கு வகிப்பதாகக் கூறியது. புகையிலை, கொழுப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன உளைச்சல், மது, உடலுழைப்பு இன்மை, பழமும் காய்கறியும் நாள்தோறும் உண்ணாமை. இந்த ஆய்விலிருந்து 2007இல் வெளியான இன்னொரு செய்தி நம்மை உலுக்க வேண்டியது. தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. பிற நாடுகளில் ஏறத்தாழ 59. ஆறு ஆண்டுகள் முன்னதாகவே நாம் விழுகிறோம்!

18 நாடுகளில் 1,35,000க்கும் மேற்பட்டோரைக் கவனித்து 2017இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு, நாளொன்றுக்கு 375 முதல் 500 கிராம் வரை பழமும் காய்கறியும் பயறும் உண்பவர்களிடம் இறப்பு மிகக் குறைவு என்றது. பழமென்றால் மங்குஸ்தான்தான் வேண்டுமென்பதில்லை. கொய்யாவும் வாழைப்பழமும் முருங்கைக் கீரையும் பழம், காய்கறிக் கணக்கில் சேர்ந்தவையே. அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லியும் அப்படித்தான். ஒரு கிலோ மங்குஸ்தானின் விலைக்கு ஒரு வாரக் கீரை வாங்கிவிடலாம். இவையும் கவனிப்பால் அறிந்தவையே, சோதனையால் அன்று. ஆனால் உணவைப் பொறுத்தவரை இழப்பு ஒன்றுமில்லை. அச்சமில்லாமல் உண்ணலாம்.

தாத்தா இப்போது ஐந்து மாத்திரைகளையும் ஆச்சியின் உள்ளங்கையிலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிறார். சென்ற சாரலுக்கு நானே அவருக்கு மங்குஸ்தான் வாங்கி வந்தேன். சுளையைத் தின்றுவிட்டுத் தோலை மாட்டுக் கொட்டகைப் பக்கம் எறிந்தார். “இதைப் பொடிச்சு வித்தா இன்னொரு தறி வாங்கலாம் போலிருக்கே” என்று சிரித்தார். அழுத்தம் 130க்கு 80 என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது.

நண்பர்களே! நம் வீடுகள் பலவற்றில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் நாம். வீட்டுக்கு ஒரு பொட்டலம் வந்தால் பெரியவர்கள் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். “எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை நாள் கவனித்தார்கள்?” என்ற மூன்று கேள்விகளை நாம் கேட்கப் பழகிக்கொண்டால் போதும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கியது. மருந்து வாசல் வரை வந்தாலும், அதை வாய்க்குச் சேர்க்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ளோரே. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் தாத்தாவின் வெற்றிலைச் செல்லத்தை ஒரு முறை திறந்து பாருங்கள்.